இலை மட்டும் விட்ட ஐரிஸ்: ஜீவன்பீமா நகர் வீட்டுத் தோட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பெங்களூரு ஜீவன்பீமா நகரில் முப்பதுக்கு நாற்பது மனையில் ஒரு வீடு. கீழே வீட்டுக்காரர்கள், முதல் மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம், அதற்கு மேல் மொட்டை மாடி. வீட்டம்மா வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கும்பகோணம் பக்கத்துக் குடும்பம். பெங்களூரு வந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. மகள் அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தில் இருக்கிறார். ஒரு மே மாதம் மகளைப் பார்க்க இவர் அங்கே போயிருந்தபோது, தெருவில் வீட்டுக்கு வீடு ஐரிஸ் என்ற பூச்செடி பூத்து நின்றதைப் பார்த்திருக்கிறார். ஊதா, மஞ்சள், கரும்பழுப்பு, ஒரே பூவில் இரண்டு நிறம் என்று எல்லாம் இருந்திருக்கிறது. ஊருக்குத் திரும்பியதும் வாங்கத் தொடங்கியவர், இரண்டு வருஷம் விடாமல் வாங்கினார்.

மாடித் தோட்டம் போடுகிறவர்களுக்கு யோசனை சொல்வது என் பிழைப்பு. அந்த அக்கா என்னைக் கூப்பிட்டுக் கேட்டது ஒரே கேள்வி. "தம்பி, இலையெல்லாம் ஜம்முனு வருது. பூ மட்டும் ஏன் வரல? மண்ணுல கோளாறா, என் கையில கோளாறா?"

மண்ணில் கொஞ்சம் கோளாறு இருந்தது. கையில் ஒன்றுமில்லை. பெரிய கோளாறு, வாங்கும்போது எல்லாவற்றையும் நிறம் பார்த்து வாங்கியதில் இருந்தது. அந்தச் செடி எந்த ஊர்க் குளிரில் பூத்துப் பழகியது என்று எவரிடமும் அவர் கேட்கவில்லை. விற்றவர்களும் சொல்லவில்லை.

வீட்டில் இருந்தவை

மொட்டை மாடியில் காலை ஏழிலிருந்து பிற்பகல் மூன்று வரை நேர் வெயில். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மட்டும் அரை நிழல். கீழே கேட் ஓரமாக ஒரு அடி அகலத்தில் மண் பாத்தி. வடக்குப் பக்கச் சந்தில் படிக்கட்டு நிழலில் நான்கைந்து தொட்டிகள். எல்லாத் தொட்டியிலும் ஒரே கலவை: செம்மண் ஒரு பங்கு, கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. பெங்களூரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். தக்காளிக்கும் கத்தரிக்கும் அருமையான கலவை.

ஐரிஸ் என்ற பெயரில் அந்த வீட்டுக்கு வந்தவை இவை. இணையத்தில் ஆர்டர் செய்த காஷ்மீர்க் கிழங்கு ஆறு, ஒன்று 450 ரூபாய். இறக்குமதிப் பல்பு, அதாவது வெங்காயம் போன்ற பூக்கிழங்கு, ஒரு பை, உள்ளே 20. "வானவில் ஐரிஸ் விதை" ஒரு பாக்கெட். சித்தாபுரா நர்சரியில் வாங்கிய வெள்ளைப் பூச்செடி நான்கு. மல்லேஸ்வரத்தில் தெரிந்தவர் வீட்டிலிருந்து பிடுங்கி வந்த ஒரு புதர். இவை போக, தண்ணீர்த் தொட்டி ஓரம் முன்பே ஒரு செடி இருந்தது. ஆரஞ்சு நிறத்தில் சிவப்புப் புள்ளியோடு பூக்கும். அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. "அது சிறுத்தை லில்லி தம்பி, அது கிடக்கு" என்றார்.

அந்தத் தோட்டத்திலேயே தன் இஷ்டத்துக்குப் பூத்து, காய்த்து, விதை போட்டு வந்த அசல் ஐரிஸ் அதுதான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

காஷ்மீர்க் கிழங்குகள்

இவை தாடி ஐரிஸ் வகை. ஒவ்வொரு பூவிலும் மூன்று இதழ் மேலே நிமிர்ந்து நிற்கும், மூன்று கீழே தொங்கும். தொங்கும் இதழின் நடுவே பூனை மீசைக்கும் பட்டுக்கும் நடுவான ரோமம் ஓடும். அதைத்தான் தாடி என்கிறார்கள். கிழங்கு இஞ்சி போல மண்ணோடு மண்ணாகக் கிடைமட்டமாகப் படரும். காஷ்மீரில் கல்லறைகளின் மேல் இதை நட்டு வைக்கும் வழக்கம் பழையது. வெள்ளைப் பூ விடும் ஒரு வகைக்குக் காஷ்மீரின் பெயரையே வைத்து ஐரிஸ் காஷ்மீரியானா என்கிறார்கள்.

கிழங்குகள் ஆகஸ்ட் கடைசியில் கூரியரில் வந்தன. அக்கா அவற்றை இரண்டு அங்குல ஆழத்தில் புதைத்து, மேலே தேங்காய் நார் மூடாக்கும் போட்டார். மஞ்சளும் சேப்பங்கிழங்கும் நட்டுப் பழகிய யாரும் அப்படித்தான் நடுவார்கள். தாடி ஐரிசுக்கு அது ஆகாது. கிழங்கின் முதுகு மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும், வெயில் அதன் மேல் பட வேண்டும். வேர் மட்டும் மண்ணுக்குள் இருந்தால் போதும்.

பெங்களூரில் மழை அதிகம் கொட்டுவது செப்டம்பரிலும் அக்டோபரிலும். கோகோபீட் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டது, மூடாக்கு அதைக் காய விடவில்லை. அக்டோபர் நடுவில் மூன்று செடிகளின் வெளி இலைகள் அடியில் மஞ்சளாகிச் சாய்ந்தன. இலையைப் பிடித்து லேசாக இழுத்தால் கையோடு வந்தது. அதன் அடியில் பழுப்பு நிறக் கூழ். கிழங்கை எடுத்து அழுத்தினால் தோல் மட்டும் தோலாக இருக்க, உள்ளே சளசளவென்று ஒழுகியது. நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம். மாடி வீட்டுக்காரர்கள் எலி செத்துவிட்டதோ என்று தேடியிருக்கிறார்கள். இது மென்னழுகல் நோய், பெக்டோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவின் வேலை. உருளைக்கிழங்கு, கேரட்டைக் கூழாக்குவதும் இதன் கூட்டம்தான். கிழங்கில் சின்னக் காயம் இருந்து, சுற்றிலும் ஈரம் நின்றால் போதும், உள்ளே போய்விடும்.

அழுகல் தொடக்கத்தில் இருந்தால் காப்பாற்றலாம். கெட்டியான வெள்ளைச் சதை தெரியும் வரை வெட்டி எறிந்து, கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் பிளீச்சிங் கரைசலில் கழுவி, கிழங்கை ஒன்றிரண்டு நாள் காயப்போட்டு, மேடாக்கிய மண்ணின் மேல் உட்கார வைக்க வேண்டும். அப்படிச் செய்து மீதி மூன்றும் பிழைத்தன. பிழைத்து, விசிறி விசிறியாக இலை விட்டு, பக்கக் கிழங்கு போட்டுத் தொட்டியையே அடைத்துக்கொண்டன. ஒரு மொட்டுகூட வரவில்லை. முதல் வருஷமும் இல்லை, அடுத்த வருஷமும் இல்லை. அக்கா மண்புழு உரத்தை இரட்டிப்பாக்கினார். தழைச்சத்து கூடினால் தாடி ஐரிஸ் இன்னும் இலைதான் விடும். கிழங்கின் சதை மென்மையாகி அழுகலும் சுலபமாக வரும்.

குளிர்க் கணக்கு

பூ வராததற்கு முக்கியக் காரணம் உரத்திலும் இல்லை, தண்ணீரிலும் இல்லை. தாடி ஐரிஸ் வகைகளில் பெரும்பாலானவை பூத்தண்டு விட, வாரக்கணக்கில் நீடிக்கும் குளிர்காலம் வேண்டும். குளிர் என்றால் பத்து டிகிரி செல்சியசுக்குக் கீழே போய் அங்கேயே நிற்பது. ஶ்ரீநகரில் ஜனவரி இரவு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும். ஒஹையோவில் பனி மூடிக் கிடக்கும். டெல்லியில்கூட ஜனவரியின் சராசரி இரவு வெப்பம் ஏழு, எட்டு டிகிரிதான்.

பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர். மார்கழியில் நம்மவர்கள் ஸ்வெட்டரும் மங்கி கேப்புமாகக் கோயிலுக்குப் போவார்கள். ஆனால் டிசம்பர், ஜனவரியில் இங்கே இரவு வெப்பம் சராசரியாக 15, 16 டிகிரி. இந்த ஊரின் வரலாற்றிலேயே பதிவான மிகக் குறைந்த வெப்பம் 7.8 டிகிரி, அது 1884 ஜனவரியில். நூற்று நாற்பது வருஷத்துக்கு முன் ஒரு ராத்திரி வந்துபோன குளிர், அந்தக் கிழங்குக்கு ஒவ்வொரு வருஷமும் வாரக்கணக்கில் வேண்டும். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொரு விஷயமும் இதில் சேர்கிறது. தாடி ஐரிசில் ஒரு கிழங்கு ஒரு தடவைதான் பூக்கும். பூத்த கிழங்கு மறுபடி பூப்பதில்லை. அதன் பக்கத்தில் முளைத்த புதுக்கிழங்குதான் அடுத்த முறை பூக்கும். அதனால்தான் குளிர் நாடுகளில் மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை கிழங்கைப் பிரித்து, நடுவில் இருக்கும் கிழட்டுக் கிழங்கை எறிந்துவிட்டு, ஓரத்தில் இருப்பதை மட்டும் நடுகிறார்கள். எங்கள் அக்கா வீட்டில் கிழங்கு பெருகியது. பெருகிய எதற்கும் குளிர் என்ற சமிக்ஞை கிடைக்கவில்லை. அப்படியே பச்சையாக நின்றன.

வருஷத்தில் இரண்டு முறை பூக்கும் ரகங்கள் சில உண்டு. "இம்மார்ட்டாலிட்டி" என்ற வெள்ளை ரகம் அதில் பேர்போனது. இவற்றில் சில குளிர் குறைவான இடத்திலும் பூக்கும். ஆனால் நம் செப்டம்பர், அக்டோபர் மழைக்கு அவற்றின் கிழங்கும் அழுகத்தான் செய்யும். மழை படாத சன்ஷேடுக்குக் கீழே, அதே சமயம் முழு வெயிலில் வைக்க இடம் இருக்கிறவர்கள் முயன்று பார்க்கலாம். முப்பதுக்கு நாற்பதில் அப்படி ஒரு இடம் கிடைப்பது அபூர்வம்.

பல்பு ஏன் ஒரு வருஷம் பூத்தது?

அக்காவைக் குழப்பியது இதுதான். "குளிர்தான் காரணம்னா, அந்த நீலப் பூ மட்டும் எப்படி வந்துச்சு?"

வாங்கிய பல்பு டச்சு ஐரிஸ். ஸ்பெயின், வட ஆப்பிரிக்கப் பக்கத்து வகைகளைக் கலந்து ஹாலந்துக்காரர்கள் உண்டாக்கிய இனம். நவம்பர் முதல் வாரத்தில் நட்டார். ஜனவரி கடைசியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பூத்தது. 20-ல் 17 பூத்தன. அடர்நீல இதழ், நடுவில் மஞ்சள் கீற்று. பொங்கல் முடிந்து தை வெள்ளிக்குப் பூஜையறையில் இதைத்தான் வைத்தாராம். பூ உதிர்ந்து இலை காய்ந்த பிறகு பல்பைத் தோண்டி, வலைப்பையில் போட்டு, ஸ்டோர் ரூமில் தொங்கவிட்டு, அடுத்த நவம்பரில் மறுபடி நட்டார். இந்த முறை ஒவ்வொன்றும் மூன்றே இலை விட்டு நின்றுவிட்டது.

முதல் வருஷம் அந்தப் பல்பு தனக்கு வேண்டிய குளிரைக் கையோடு கொண்டுவந்தது. ஹாலந்தில் கோடையில் பல்பைத் தோண்டியதும் சில வாரம் சூட்டில் வைத்து, பிறகு ஒன்பது டிகிரி வாக்கில் குளிரூட்டி, அதற்கப்புறம்தான் ஏற்றுமதி செய்கிறார்கள். சூடு, குளிர் என்ற அந்த வரிசை பல்புக்குள் பூமொட்டை எப்படித் தூண்டுகிறது என்பதை ஹாலந்தின் வாகெனிங்கன் ஊரில் ஆராய்ச்சி செய்தவர்களில் முக்கியமானவர் ஆண்டன் ஹென்ட்ரிக் பிளாவ். "ப்ரொஃபஸர் பிளாவ்" என்று அவர் பெயரிலேயே ஒரு நீல ரகம் இன்றும் விற்கிறது. சந்தையில் அதிகம் கிடைக்கும் இன்னொன்று "ப்ளூ மேஜிக்".

பூத்த பிறகு தாய்ப் பல்பு கரைந்துவிடும். அந்த இடத்தில் புதிய குட்டிப் பல்புகள் உண்டாகும். அவை பருக்க வேண்டுமென்றால் இலை நீண்ட நாள் பசுமையாக நிற்க வேண்டும், காற்று குளிர்ந்திருக்க வேண்டும். பெங்களூரில் மார்ச்சிலேயே பகல் 33, 34 டிகிரிக்குப் போய்விடுகிறது, இலை காய்ந்துவிடுகிறது. அக்கா தோண்டி எடுத்தவற்றில் பெரியதுகூட கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியது. அப்படிப்பட்ட பல்பு குளிரும் கிடைக்காமல் முளைத்தால் மூன்று இலையோடு நின்றுவிடும். மூன்று இலை என்றால் இந்த வருஷம் பூ இல்லை என்பது பல்பு வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த அடையாளம்.

ஆக, பெங்களூரில் டச்சு ஐரிஸ் ஒரு பருவத்துச் செடி. சாமந்தி நாற்று வாங்குவதைப்போல ஒவ்வொரு வருஷமும் புதிதாக வாங்கி, பூத்ததும் கணக்கை முடித்துவிட வேண்டியதுதான். இதைச் சொன்னபோது அக்காவுக்கு வருத்தமில்லை. "பூக்கடையில ஒரு கொத்துக்கு என்ன கொடுக்கிறோம்? அதுக்கு இது தேவலை" என்றார். நியாயமான கணக்கு.

விதைப் பாக்கெட்

இதற்கு அதிகம் எழுதத் தேவையில்லை. ஏழு நிறப் படம் போட்ட பாக்கெட். முளைத்தது ஏதோ புல். ஒரே இதழில் ஏழு நிறமும் அடுக்காக உள்ள ஐரிஸ் உலகத்தில் எங்கும் இல்லை; அது கணினியில் போட்ட படம். அசல் ஐரிஸ் விதையாகவே இருந்தாலும், பல வகைகளின் விதை குளிரில் கிடந்து உறக்கம் கலைந்த பிறகுதான் முளைக்கும். முளைத்துப் பூக்க இரண்டு மூன்று வருஷம் ஆகும். கலப்பு ரகமென்றால் தாய்ச்செடியின் நிறம் வராது. ஐரிசை விதையாக விற்பவரைப் பார்த்தால் நடையைக் கட்டுங்கள்.

சித்தாபுராவும் மல்லேஸ்வரமும்

லால்பாக் பக்கத்தில் இருக்கும் சித்தாபுரா, பெங்களூரின் பழைய நர்சரிப் பேட்டை. இந்த ஊரின் தோட்டக்கலையில் திகளர் சமூகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கரகத் திருவிழா அவர்களுடையதுதான். சித்தாபுரா நர்சரிகளில் தமிழில் பேசினாலே வேலை நடந்துவிடும். அக்காவோடு நானும் ஒருமுறை அங்கே போனேன்.

"அண்ணே, போன வருஷம் இவங்களுக்கு ஐரிஸ்னு ஒரு செடி குடுத்தீங்களே, அது ஐரிஸ்தானா?"

அவர் சிரித்தார். "எல்லாரும் ஐரிஸ்னு கேக்கிறாங்க, நாங்களும் ஐரிஸ்னு குடுக்கிறோம் சார். ஆப்பிரிக்கன் ஐரிஸ் அது. ஏம்மா, பூ வரலையா?"

பூ வருகிறது. அது டையட்டீஸ், தென்னாப்பிரிக்கச் செடி. ஐரிசுக்கு ஒன்றுவிட்ட சொந்தம், ஒரே குடும்பம். வெள்ளை இதழ் ஆறு, தட்டையாக விரியும். மூன்றில் மஞ்சள் கறை, நடுவில் இளஊதா. அலுவலக வளாகங்களிலும் அடுக்குமாடி முன்தோட்டங்களிலும் வரிசை வரிசையாக நிற்பது இதுவும், கரும்புள்ளி உள்ள இதன் மஞ்சள் வகையும்தான். தாடி கிடையாது, நிமிர்ந்த இதழ் கிடையாது. ஒஹையோவில் பார்த்ததை மனதில் வைத்திருப்பவருக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் குளிர் கேட்காது, வெயிலுக்கு அஞ்சாது, மழைக்கு அழுகாது.

அக்கா வீட்டில் இது பூக்கிறது, ஆனால் சொற்பம். காரணத்தைச் செடியிலேயே பார்த்தேன்: எல்லாப் பூத்தண்டும் அடியோடு வெட்டப்பட்டிருந்தது. ரோஜாவுக்குப் பழகிய கை. பூ வாடியதும் தண்டைக் கத்தரித்திருக்கிறார். இந்த வெள்ளை டையட்டீசில் ஒரே தண்டு மறுபடி மறுபடி பூக்கும், வருஷம் தாண்டியும் பூக்கும். வாடிய பூவை மட்டும் கிள்ளிவிட்டுத் தண்டை விட்டுவிட வேண்டும். கத்தரியை நிறுத்தியதும், அடுத்த நல்ல மழைக்குப் பிறகு வந்த பூவை எண்ணவே முடியவில்லை என்று போன் செய்தார்.

மல்லேஸ்வரத்துப் புதர் நியோமாரிகா. நடக்கும் ஐரிஸ் என்பார்கள். பிரேசில் பக்கத்துச் செடி. பூத்தண்டு பார்க்க இன்னொரு இலை போலவே தட்டையாக இருக்கும். அதன் நுனிப் பக்கத்தில் பூ. வெளியே மூன்று வெள்ளை இதழ், உள்ளே மூன்று நீலச் சுருள். காலையில் விரிந்து மாலைக்குள் முடிந்துவிடும். பூ முடிந்த இடத்தில் ஒரு குட்டிச்செடி முளைத்து, கனம் தாங்காமல் தண்டு சாய்ந்து மண்ணைத் தொட்டு வேர்விடும். இப்படி ஒவ்வொரு தண்டாகச் சாய்ந்து சாய்ந்து இடம் மாறிப் போவதால்தான் நடக்கும் பட்டம். இதை அக்கா மொட்டை மாடி வெயிலில் வைத்திருந்தார். இலை நுனியெல்லாம் கருகியிருந்தது. வடக்குச் சந்து நிழல்தான் இதற்குச் சொர்க்கம்.

தொட்டி ஓரத்துச் செடி

சிறுத்தை லில்லியின் கதை வேடிக்கையானது. ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-ல் இதற்குப் பெயர் வைத்தபோது ஆர்க்கிட் வகையில் சேர்த்துவிட்டார். பிறகு பெலம்கண்டா என்ற தனிப் பேரினத்தில் வெகுகாலம் இருந்தது. மரபணுவை வைத்துப் பார்த்ததில் இது ஐரிஸ் கூட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது தெரிந்து, 2005-ல் கோல்ட்பிளாட், மாபர்லி என்ற தாவரவியலாளர்கள் ஐரிஸ் டொமெஸ்டிகா என்று மாற்றினார்கள். ஐரிஸ் ஐரிஸ் என்று தேடிக் கொண்டுவந்ததில் டையட்டீசும் நியோமாரிகாவும் ஐரிஸ் இல்லை. யாரோ கொடுத்து, தண்ணீர்த் தொட்டிக் கசிவில் வளர்ந்த இது ஐரிஸ்.

இமயமலைப் பக்கத்திலிருந்து சீனா, ஜப்பான் வரை இயல்பாக வளரும் செடி என்றாலும் சமவெளிச் சூட்டையும் தாங்கும். மழைக்காலத்தில் பூக்கும். ஒரு பூ ஒரு நாள்தான். வாடும்போது முறுக்கிக்கொண்டு சுருளும். பல மொட்டு இருப்பதால் தண்டு வெறுமையாக நிற்பதில்லை. காய் வெடித்தால் பளபளக்கும் கறுப்பு விதைகள் உதிராமல் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். பூ ஜாடியில் வைக்க அதுவும் நன்றாக இருக்கும். ஐரிசை விதை போட்டு வளர்த்தே தீருவேன் என்பவர்களுக்கு நான் கைகாட்டும் செடி இது ஒன்றுதான்.

வாங்கும்போது

இந்த வீட்டின் கணக்கைப் பார்த்த பிறகு, ஐரிஸ் வாங்க வேண்டும் என்று பெங்களூரில் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இது: விற்பவரிடம் பூவின் படம் கேட்காதீர்கள். அந்தச் செடி பெங்களூரில், தொட்டியில், இரண்டாவது வருஷம் பூத்த படம் கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே பேச்சை மாற்றிவிடுவார்கள். அக்காவுக்குக் கிழங்கு விற்றவரிடம் நாங்கள் கேட்டபோது, "தினமும் வெயிலில் வையுங்கள்" என்று பதில் வந்தது. அதற்கப்புறம் பதிலே இல்லை.

டச்சு பல்பு வாங்குவதென்றால் அக்டோபர், நவம்பரில் வாங்கி அப்போதே நட்டுவிடுங்கள். பல்பைச் சுற்றளவு சென்டிமீட்டரில் தரம் பிரித்து விற்பார்கள்; எட்டுக்கு மேல் இருந்தால் நல்லது. அழுத்தினால் கல்லாக இருக்க வேண்டும், மேல் சருகுக்குக் கீழே பச்சைப் பூஞ்சை இருக்கக் கூடாது. பிப்ரவரியில் பாதி விலைக்குத் தள்ளிவிடும் பல்பு எதற்கும் ஆகாது. நட்டால் கோடையில் வதங்கும். வெளிநாட்டிலிருந்து மகனோ மகளோ பெட்டியில் கிழங்கு போட்டுக்கொண்டு வருவதும் சரியில்லை. தாவரங்களை நாட்டுக்குள் கொண்டுவர 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் நோயின்மைச் சான்றிதழும் வேண்டும். அக்காவுக்கும் அப்படி ஒரு யோசனை இருந்தது. மகளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

செடியாக வாங்குவது எப்போதும் மேல், அதுவும் பூவோடு. லால்பாக்கில் குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் மலர்க்காட்சி நடக்கிறது. ஜனவரி காட்சியின்போது விற்பனைக்கு வரும் செடிகளில், பூ விரிந்ததாகப் பார்த்து எடுத்தால் பெயர்க் குழப்பம் இருக்காது.

குளத்துச் செடி விற்பவர்கள் மஞ்சள் ஐரிஸ் என்று ஒன்று தருவார்கள். அது ஐரிஸ் சூடகோரஸாக இருந்தால், வீட்டுத் தொட்டியைத் தாண்டி எங்கும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வட அமெரிக்காவில் நீர்நிலைகளை அடைத்துக்கொண்டு தொல்லை கொடுக்கும் செடி அது. ஆகாயத்தாமரையோடு நம் ஏரிகள் படும் பாடே போதும். அப்புறம், வீட்டில் நாய் இருந்தால் ஐரிஸ் கிழங்கு அதன் வாய்க்கு எட்டக் கூடாது. கடித்தால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். அக்கா வீட்டு நாய் அழுகிய கிழங்கை எறிந்த வாளியைச் சுற்றிச் சுற்றி வந்தது, நல்ல வேளை மூடியிருந்தது.

உயரமான தண்டில் பெரிய பூ, பூஜாடிக்கு ஆக வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், கிளாடியோலஸ் இருக்கிறது. அதுவும் ஐரிஸ் குடும்பம்தான். பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இதில் பல ரகங்களை வெளியிட்டிருக்கிறது. மீரா என்ற வெள்ளை ரகம் அவற்றில் ஒன்று. இந்த ஊர்ப் பக்கத்திலேயே உருவாக்கியவை. ஐரிஸ் ஆசை பிடித்தவர்கள் இதைப் பெரிதாக மதிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

மாற்றியது

டையட்டீஸ் நான்கும் மாடியிலிருந்து கேட் ஓரப் பாத்திக்கு இறங்கின. நியோமாரிகா வடக்குச் சந்துக்குப் போனது. இப்போது அங்கே இரண்டு தொட்டி, மூன்றாவதற்குக் குட்டி தயார். சிறுத்தை லில்லியின் விதையைச் சேகரித்து ஜூனில் போட்டதில் ஒரு தட்டு நிறைய நாற்று. டச்சு பல்பு வருஷத்துக்கு ஒரு பை மட்டும், கலவையில் கோகோபீட்டைக் குறைத்து மணல் சேர்த்த தொட்டிகளில்.

பிழைத்த மூன்று தாடி ஐரிசை என்ன செய்வது என்பதில்தான் இழுபறி. தூக்கி எறிய அக்காவுக்கு மனம் வரவில்லை. கடைசியில் ஊட்டியில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். அந்த வீடு இருப்பது ஊட்டியில் உறைபனி விழும் பள்ளமான இடத்தில். கிழங்கு முதுகு வெளியே தெரிய, சரிவான பாத்தியில் நடச் சொல்லியிருந்தேன். அடுத்த ஏப்ரலில் ஒன்று பூத்தது, வெளிர் ஊதா. மற்ற இரண்டும் இன்னும் இலைதான். கிழங்கு, வைத்தியம், உரம் எல்லாம் ஒன்றே. மாறியது ஊர் மட்டும். இந்த ஒரு பூவை மட்டும் வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது, ஆனால் அக்காவுக்குப் போதுமானதாக இருந்தது. "அப்ப என் கை நல்ல கைதான்" என்றார்.

கடைசியாக ஒரு சோதனை நடந்துகொண்டிருக்கிறது. லூசியானா ஐரிஸ் என்று ஒரு கூட்டம் உண்டு. அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாக் கரையோரச் சதுப்பில் வளரும் ஐந்து இனங்களும் அவற்றின் கலப்புகளும். சேற்றில் நிற்கும், சூட்டைத் தாங்கும், தாடி ஐரிஸ் அளவுக்குக் குளிர் கேட்காது. சற்றே அமிலத்தன்மை உள்ள மண் வேண்டும். நீர்ச்செடி வளர்க்கும் ஒருவரிடமிருந்து ஒரு கிழங்கு கிடைத்திருக்கிறது. அடியில் ஓட்டையில்லாத டப்பில் செம்மண்ணும் இலைமக்கும் போட்டு நட்டிருக்கிறோம். போர்வெல் தண்ணீரின் உப்பு இதற்கு ஒத்துவராது என்பதால் காவிரித் தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைத்து ஊற்றுகிறார். புது இலை வந்திருக்கிறது. இலையைப் பார்த்து முடிவு கட்டுவதை அக்கா விட்டுவிட்டார். இரண்டு பருவம் பூத்தால்தான் இரண்டாவது கிழங்கு வாங்குவதாக இருக்கிறார்.